திறமையும் குணமும்: ரப்பர் விளையில் நான் பட்டதும் பார்த்ததும்

அப்பா இறந்த பிறகோ, கணவர் வெளிநாட்டில் இருக்கும்போதோ, ஒரு தோட்டத்தையோ கடையையோ திடீரென்று தனி ஆளாகப் பார்த்துக்கொள்ள வேண்டி வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். யாரை நம்பி எதைக் கொடுக்கலாம், என்னால் எது முடியும் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தெரியாமல் நான் தவித்தேன். அந்த நாட்களில் யாராவது உட்கார வைத்து நாலு வார்த்தை சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். சொல்ல ஆள் இல்லை. போன பணம் இரண்டு லட்சத்துக்குக் குறையாது. காலம் மூன்று வருடம் போயிற்று. என்னை நானே மட்டமாக நினைத்துக்கொண்டு தூங்காமல் கிடந்த இரவுகளை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

எங்கள் ஊர் குமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்குப் பக்கம். அங்கே வீட்டுக்கு வீடு ரப்பர்தான். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் விளை (தோட்டத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்), ஏறக்குறைய இருநூற்றைம்பது மரம். விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு அவரே போய் வெட்டுவார் (பால் எடுக்கப் பட்டையைச் சீவுவதைத்தான் வெட்டு என்போம்), அவரே பாலை உறைய வைத்து ஷீட்டு அடிப்பார். 2019-ல் அப்பா போய்விட்டார். அடுத்த சில மாதங்களுக்குள் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடதுபக்கம் விழுந்துவிட்டது. அண்ணன் கத்தாரில், தம்பி பெங்களூரில். நான் திருநெல்வேலியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர், கல்யாணம் ஆகவில்லை. "உனக்குத்தான் பொறுமை உண்டு, அம்மாவை உன்னாலதான் பார்க்க முடியும்" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். இந்த "உனக்குத்தான் பொறுமை உண்டு" என்ற பேச்சைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, பிறகு வருகிறேன்.

மரத்தை வெட்ட ஆள் வேண்டும். மாமா ஒருவரைக் கூட்டி வந்தார். நாற்பது வயது இருக்கும், சிரித்த முகம், அம்மாவை "பெரியம்மா" என்று வாய் நிறையக் கூப்பிடுவார். முன்பணம் நாற்பதாயிரம் கேட்டார். அண்ணனும் மாமாவும் போனில் பேசி முடிவு செய்து கொடுத்தார்கள். முதல் வாரத்திலேயே பால் அப்பா காலத்தைவிட அதிகமாக வந்தது. "பார்த்தியா, கெட்டிக்காரன்" என்று மாமாவுக்குப் பெருமை. அண்ணனும் போனில் பாராட்டினார். எங்கள் கிறிஸ்தவ சபையில் இரண்டு பேர் அவரைத் தங்கள் தோட்டத்துக்குக் கேட்டு வந்தார்கள்.

ரப்பர் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். மரத்தின் கட்டைக்கும் பட்டைக்கும் நடுவே உயிருள்ள ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. கத்தி அதைத் தொடக்கூடாது. ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் பட்டையை விட்டு, இடதுபக்கம் மேலிருந்து வலதுபக்கம் கீழாகச் சரிவாகச் சீவ வேண்டும். ஆழமாகப் போட்டால் அன்றைக்குப் பால் கூடும், ஆனால் மரத்தில் காயம் படும். காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். சில வருடம் கழித்து மறுபடி வெட்ட வேண்டியது அந்தப் புதுப்பட்டையைத்தான். அதனால் இன்றைக்கு ஆழமாகப் போடுகிறவர் வரும் வருடங்களின் பாலையும் சேர்த்து எடுத்துவிடுகிறார். அதேபோல, ஒன்றுவிட்டு ஒரு நாள் வெட்ட வேண்டிய மரத்தை நாள் தவறாமல் வெட்டினால் பால் தண்ணீராகும், பிறகு பட்டை மரத்துப்போய்ப் பாலே நின்றுவிடும்.

எனக்கு அப்போது இவ்வளவும் தெரியாது. ஆனால் கண்ணில் பட்டதை நோட்டில் எழுதி வைக்கிற பழக்கம் சின்ன வயசிலிருந்தே உண்டு. மரத்தடியில் விழுந்து கிடக்கும் சீவல் அப்பா காலத்தில் காகிதம் மாதிரி இருக்கும், இப்போது தடிமனாக இருக்கிறது என்று எழுதினேன். வெட்டு இல்லாத நாளிலும் பால் பிடிக்கிற சிரட்டையில் புதுப்பால் இருந்ததை எழுதினேன். வெட்டுக்கோட்டில் ஒட்டிக் காய்கிற ஒட்டுப்பாலின் எடை மாதாமாதம் குறைந்துவருவதை எழுதினேன். வெட்டின கோட்டில் அங்கங்கே கட்டையின் வெள்ளை தெரிகிறது என்றும் எழுதினேன். நோட்டை மாமாவிடம் காட்டினேன். "பள்ளிக்கூடத்துல நோட்டு திருத்துன மாதிரி ஆளுகளைத் திருத்தாத பிள்ளே. அவன் வெட்டு தெரிஞ்சவன். ஆம்பிளைய சந்தேகப்பட்டு விரட்டினா அப்புறம் எவன் வருவான்?" என்றார். அண்ணனிடம் சொன்னால், "மாமா பார்த்துக்கிடுவாரு, நீ அம்மாவைப் பாரு" என்பார். நோட்டை மூடி வைத்தேன். எனக்கு இந்த வேலையெல்லாம் புரியாது, சந்தேக புத்திதான் ஜாஸ்தி என்று மெல்ல மெல்ல நானே நம்பத் தொடங்கிவிட்டேன். பணம் போனதைவிட இதுதான் பெரிய கேடு என்று இப்போது தோன்றுகிறது. கடவுள் ஒருவருக்குக் கொடுத்த கண்ணை, சுற்றியிருப்பவர்கள் திரும்பத் திரும்ப "அது குறை" என்று சொல்லிச் சொல்லியே மூட வைத்துவிட முடியும்.

இதற்கு நடுவில் 2021 நவம்பர். அந்த மழையைக் குமரி மாவட்டத்துக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். குளம் உடைந்து, ரோடு போய், எங்கள் ஊர்ப் பக்கமும் தண்ணீர். அந்த ராத்திரி அம்மாவுக்கு மூச்சுத் திணறல். ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிட்டது. நான் போன் போட்டதும் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தவர் அந்த வெட்டுக்காரர்தான். பக்கத்து வீட்டுப் பையனைக் கூட்டிக்கொண்டு, அம்மாவை நாற்காலியோடு தூக்கி ரோடு வரை கொண்டு சேர்த்தார். விடியும் வரை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். பஸ்ஸுக்குக் காசு கொடுத்தேன், வாங்கவில்லை. அன்றைக்கு நோட்டில் எழுதினதெல்லாம் பாவம் என்று எனக்குத் தோன்றியது.

மறு வருடம் இலை உதிர்ந்து வெட்டு நிறுத்தியிருந்த நேரத்தில், ரப்பர் வாரியத்திலிருந்து பக்கத்துத் தோட்டத்துக்கு வந்த கள அலுவலர் ஒருவரை எங்கள் விளைக்கும் கூப்பிட்டேன். அவர் நாலைந்து மரத்தைப் பார்த்ததுமே பேச்சைக் குறைத்துக்கொண்டார். மூன்றில் ஒரு பங்கு மரத்தில் பட்டை மரத்துப்போயிருந்தது. இவற்றை வெட்டாமல் ஓய்வுக்கு விட வேண்டும், எத்தனை தேறும் என்று சொல்ல முடியாது என்றார். மீதி மரங்களிலும் காயம். வெட்டுக்காரர் அதற்கு முன்பே வேறு தோட்டத்துக்குப் போயிருந்தார், முன்பணம் போனது போனதுதான். 2024 ஆகஸ்டில் ஷீட்டு விலை கிலோ 240 ரூபாயைத் தாண்டியது. ஊரே சந்தோஷமாக இருந்தபோது எங்கள் விளையில் அவ்வளவு மரம் சும்மா நின்றது. அந்த மாதம் நான் அழுததுபோல் அப்பா இறந்தபோதுகூட அழவில்லை.

இனி நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். ஒருவரிடம் திறமை இருக்கிறதா என்பதும், நல்ல குணம் இருக்கிறதா என்பதும் இரண்டு தனித்தனிக் கேள்விகள். நாம் பெரும்பாலும் ஒன்றுக்குக் கிடைத்த பதிலை வைத்து இன்னொன்றையும் முடிவு செய்துவிடுகிறோம். நன்றாகப் பேசுகிறார், அதனால் வேலையும் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறோம். ஜெபம் பண்ணுகிறார், கணக்கும் சுத்தமாக இருக்கும் என்று நினைக்கிறோம். திறமை ஒரு வாரத்தில் தெரிந்துவிடும், சில சமயம் இல்லாத திறமைகூட இருப்பதுபோல் தெரியும். குணம் அப்படி வெளிப்படாது. யாரும் பார்க்காத நேரத்தில், லாபம் இல்லாத இடத்தில் என்ன செய்கிறார் என்பதில்தான் அது கிடக்கிறது. "அவர்களுடைய கனிகளினாலே அவர்களை அறிவீர்கள்" என்ற வசனத்தை ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்தவள்தான் நான். கனி வர ஒரு பருவம் ஆகும், அதுவரை காத்திருந்துதான் சொல்ல முடியும் என்ற பக்கம் இந்த அனுபவத்துக்குப் பிறகுதான் உறைத்தது. வள்ளுவரும் தெரிந்து தெளிதல் அதிகாரத்தில், பெருமைக்கும் சிறுமைக்கும் அவரவர் கருமமே கட்டளைக்கல் என்கிறார். முகமும் பேச்சும் சிபாரிசும் அந்தக் கல்லில் வராது.

அதனால் ஆளைப் பார்க்கும்போது நேற்று செய்த வேலையைப் பார்க்காதீர்கள், பழைய வேலையைப் போய்ப் பாருங்கள். வெட்டுக்காரர் என்றால் இரண்டு மூன்று வருடத்துக்கு முன் அவர் வெட்டின மரத்தில் புதுப்பட்டை எப்படி வளர்ந்திருக்கிறது என்று தடவிப் பார்க்கலாம். கொத்தனார் என்றால் அவர் கட்டி நாலு மழை பார்த்த சுவரைப் பார்க்கலாம். சிபாரிசு செய்கிறவரிடம் "ஆள் நல்லவரா?" என்று கேட்டால் "ரொம்ப நல்லவர்" என்றுதான் பதில் வரும். "நீங்க கண்ணால பார்த்தது ஒண்ணு சொல்லுங்க" என்று கேளுங்கள். சொல்ல ஒன்றும் இல்லாமல் திணறினால் அவர் யாரோ சொன்னதை நமக்குச் சொல்கிறார் என்று அர்த்தம். அப்புறம், கெட்ட செய்தியை அவர் தானே வந்து சொல்கிறாரா என்று பாருங்கள். "இன்னைக்கு என் கை தப்பிப்போச்சு" என்று சொல்லத் தெரிந்த ஆளை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன். முழுத் தோட்டத்தையும் முதல் நாளே கொடுக்காதீர்கள், முன்பணத்தையும்தான்.

இதெல்லாம் தெரிந்த பிறகு எனக்குக் கிடைத்தவர்தான் இப்போது எங்கள் விளையில் வெட்டுகிற அக்கா. அவர் கணவர் வெட்டுக்காரராக இருந்தவர், அவரோடு கூடப் போய்ப் போய்க் கற்றுக்கொண்டார். கணவருக்கு முடியாமல் போனதும் கத்தியைக் கையில் எடுத்தார். ஊரில் யாரும் அவரைப் பெரிதாகச் சொன்னதில்லை. பேச்சு கம்மி. கேட்ட கேள்விக்குப் பாதி பதில்தான் வரும். "அது ஒரு மந்தம், மெல்லத்தான் வெட்டும்" என்று மாமா சொன்னார். நான் முதலில் நாற்பது மரம் மட்டும் கொடுத்தேன்.

ஒரு நாள் விடியுமுன் கூடப் போய்ப் பார்த்தேன். மரத்துப் பக்கத்தில் வந்ததும் முதலில் வெட்டுக்கோட்டில் ஒட்டிக் காய்ந்திருந்த பாலை விரலால் இழுத்து எடுத்து, இடுப்பில் கட்டியிருந்த பையில் போட்டார். கத்தியை வைப்பதற்கு முன் பெருவிரலால் கோட்டை ஒரு தடவை தடவினார். பிறகு மரத்தைச் சுற்றிக் கால் நகர, மணிக்கட்டு அசையாமல், சின்னச் சின்ன இழுப்பாகச் சீவிக்கொண்டே போனார். கீழே விழுந்த சீவலை லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன், மறுபக்கம் வெளிச்சம் தெரிந்தது. ஒரு மரத்தில் மட்டும் கத்தியை வைக்காமல் சிரட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். ஏன் என்று கேட்டேன். "இதுக்கு இன்னைக்கு வேண்டாம் மக்களே, சீணிச்சு நிக்குது" என்றார். களைத்துப்போய் நிற்கிறது என்று அர்த்தம். அந்த மரத்தை வெட்டியிருந்தால் அவருக்கு மரக்கூலி, அதாவது மரக்கணக்கில் கொடுக்கும் கூலி, உண்டு. நான் கேட்காமல் இருந்திருந்தால் எனக்குத் தெரியவும் தெரியாது. கையின் திறமையும் குணமும் ஒரே இடத்தில் இருந்ததை அன்றைக்குத்தான் நேரில் கண்டேன்.

பைபிளில் யாத்திராகமம் 31-ம் அதிகாரத்தில், ஞானமும் புத்தியும் அறிவும் உண்டாகத் தேவ ஆவியால் நிரப்பப்பட்டவன் என்று பெசலெயேலைச் சொல்கிறது. அவன் பிரசங்கம் செய்கிறவன் இல்லை. பொன்னிலும் வெண்கலத்திலும் வேலை செய்கிறவன், இரத்தினம் பதிக்கிறவன், மரத்தில் சித்திரம் செதுக்குகிறவன். இதை நம் சபைகளில் ஏன் அதிகம் பேசுவதில்லை என்று எனக்கு ஆதங்கம் உண்டு. பாடத் தெரிந்தால் தாலந்து (கடவுள் கொடுத்த திறமை) என்கிறோம், பேசத் தெரிந்தால் தாலந்து என்கிறோம். சபையார் கூடிச் சாப்பிடும் அசன விருந்தில் எவ்வளவு கூட்டம் வந்தாலும் குறையாமல் மிஞ்சாமல் அரிசி போடுகிற ஒரு தாத்தா எங்கள் சபையில் இருந்தார். பானையின் கழுத்தைப் பார்த்தே போதுமா போதாதா என்று சொல்லிவிடுவார். அவர் இருந்த காலத்தில் ஒரு நாள்கூட "இது கடவுள் உங்களுக்குக் கொடுத்தது தாத்தா" என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அடக்க ஆராதனையில்தான் எல்லாரும் சொன்னார்கள்.

அக்கா அய்யாவழிக்காரர், அய்யா வைகுண்டர் காட்டிய வழியில் நடக்கிறவர். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வழிபடும் நிழல்தாங்கலுக்குப் போவார். அவர்களின் தலைமைப் பதியான சாமித்தோப்பில் பள்ளியறையில் (கருவறையில்) கண்ணாடி இருக்கும், போனால் முதலில் நம் முகம்தான் தெரியும் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உள்ளே இருக்கிற இறைவனை நீ உனக்குள்ளே காண வேண்டும் என்பதற்காக அந்தக் கண்ணாடி. தோளில் துண்டு போடவும் தலைப்பாகை கட்டவும் உரிமை இல்லாதிருந்த மக்களைத் தலைப்பாகையோடு அந்தக் கண்ணாடிக்கு முன் நிற்கவைத்தவர் அய்யா வைகுண்டர். நான் வேறு சபைக்காரிதான். ஆனால் தன்னை மட்டமாக நினைத்துப் பழகிப்போன ஒருத்திக்கு இதைக் கேட்டபோது உள்ளே என்னவோ செய்தது.

என்னைப் பற்றி எனக்குச் சொன்னவரும் அக்காதான். ஷீட்டு உலர்த்திக்கொண்டிருந்த ஒரு நாள், எந்தெந்த மரத்தில் பால் குறைகிறது என்று நோட்டைப் பார்த்து நான் வாசித்தேன். அவர் கையை நிறுத்திவிட்டு, "நான் சொல்லதுக்கு முன்னாலயே நீ சொல்லிப்போடுத. உனக்க அப்பனுக்க கண்ணு உனக்கு இருக்கு மக்களே. அந்த ஆளு வெட்டினப்போவே இதெல்லாம் எழுதியிருக்கிய. உனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு" என்றார். "நல்ல பிள்ளை", "பொறுமையான பிள்ளை" என்று எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், ஒன்றும் உள்ளே இறங்கினதில்லை. இது இறங்கியது. ஏனென்றால் இன்ன நாளில், இன்ன காரியத்தில், இன்னது என்று சாட்சியோடு சொன்னார்.

தன் பலம் என்ன என்று தெரியாமல் இருக்கிறவர்களுக்கு நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். முதலில், ஜனங்கள் எதற்காக உங்களைத் தேடி வருகிறார்கள் என்று சில மாதம் குறித்து வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் பேங்க் பாஸ்புக்கைக் கொண்டுவந்து நீட்டினார், மயினி (அண்ணன் மனைவி) நகைச்சீட்டுக் கணக்கைக் கேட்டு கத்தாரிலிருந்து போன் போட்டார், பெண்கள் சங்கத்தில் வரவு செலவு எழுத என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு இதெல்லாம் சாதாரணம் என்று நினைத்திருந்தேன். நமக்கு லேசாக வருவது எல்லாருக்கும் லேசாக வரும் என்று நினைத்துக்கொள்வதால்தான் கடவுள் கொடுத்தது நம் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடுகிறது. இரண்டாவது, எந்த வேலையைச் செய்து முடித்த பிறகும் களைப்பு குறைவாக இருக்கிறது என்று பாருங்கள். மூன்றாவது, உங்களை வேறு வேறு இடத்தில் பார்த்த இரண்டு மூன்று பேரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். "என்கிட்ட என்ன நல்லது இருக்கு?" என்று கேட்டால் பாசத்தில் எதையாவது சொல்வார்கள். "நான் உங்களுக்கு எப்போ உபயோகமா இருந்தேன்? ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டால் நடந்ததைச் சொல்வார்கள். என் பழைய மாணவி ஒருத்தி, நான் மறந்தே போயிருந்த ஒரு காரியத்தைச் சொன்னாள். அவள் கணக்கில் எந்தப் படியில் வழுக்குகிறாள் என்று கண்டுபிடித்து, அந்த ஒரு படியை மட்டும் சொல்லிக்கொடுத்தேனாம். மறுபடியும் அதே கண்தான்.

பலத்துக்கு மறுபக்கமும் உண்டு. கூர்ந்து பார்க்கிற கண் சீக்கிரம் குறை பார்க்கிற கண்ணாக மாறிவிடும். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்த பெண்களை ஒவ்வொன்றுக்கும் திருத்திக்கொண்டே இருந்தால் யார் நிற்பார்கள்? அதனால் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். நோட்டில் ஒருவரைப் பற்றிக் குறை ஒன்று எழுதினால், அன்றைக்கே அவரிடம் கண்ட நல்லது ஒன்றையும் தேடி எழுதாமல் மூடுவதில்லை. எழுதினதோடு விடாமல் அவரிடம் சொல்லவும் வேண்டும், முடிந்தால் அவருடைய பிள்ளைகள் காதுபட. அக்காவின் மகளிடம் அந்தச் சீவல் விஷயத்தைச் சொன்னபோது, "எங்க அம்மாவா?" என்று கேட்டாள். தாயின் வேலையை அவள் அதுவரை வேலையாகவே நினைத்திருக்கவில்லை.

வாயால் சொல்வதோடு நிற்கவும் கூடாது. பெண் வெட்டினால் கூலி குறைவு என்பது பல இடங்களில் பேசாத சட்டம். நான் ஆண்களுக்குக் கொடுக்கும் மரக்கூலியையே கொடுக்கிறேன், ஓய்வுக்கு விட வேண்டும் என்று அவர் சொல்லும் மரத்துக்கும் சேர்த்து. எங்கள் பாட்டி லேஸ் பின்னினவர். 1820-களில் மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தபோது, அந்தக் கூலியைச் சேர்த்து அடிமைத்தனத்திலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் இருந்தார்கள் என்று பாட்டி காலத்திலிருந்து கேட்டு வளர்ந்தோம். "உன் விரலில் வரம் இருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூலி கொடுக்காமல் விட்டிருந்தால் அவர்களுக்கு அதனால் என்ன கிடைத்திருக்கும்?

இனி அந்தப் "பொறுமை" விஷயம். ஒருவரிடம் நல்ல குணம் இருக்கிறது என்று கண்டுபிடித்ததும் எல்லாச் சுமையையும் அவர் தலையிலேயே வைத்துவிடுவது நம் குடும்பங்களில் சர்வசாதாரணம். எனக்குப் பொறுமை உண்டு என்று எல்லாரும் சொன்னதின் பொருள், ராத்திரி அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்க நான் ஒருத்தி போதும் என்பதுதான். அண்ணன் மாதாமாதம் பணம் அனுப்பினார், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் சம்பளம் போனதையோ என் வயது போனதையோ யாரும் பேசவில்லை. கோபம் கோபமாக வரும். கோபம் வந்ததும், அப்படியானால் எனக்குப் பொறுமையே இல்லையோ என்று குற்ற உணர்ச்சி வரும். இரண்டுக்கும் நடுவே வருடக்கணக்கில் கிடந்தேன். இப்படிக் கிடப்பவர்களுக்கு நான் சொல்வது: உங்கள் நல்ல குணத்தை யாராவது புகழும்போது அந்தப் புகழ்ச்சிக்குப் பின்னால் ஒரு வேலை வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால், "சரி, நான் இதைச் செய்றேன், நீங்க எதைச் செய்றீங்க?" என்று அப்போதே கேளுங்கள். நான் கேட்டபோது முதலில் மனஸ்தாபம் வந்தது, மறைக்கவில்லை. தம்பி இரண்டு மாதம் சரியாகப் பேசவில்லை. பிறகு அவன்தான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் வசதியை வாங்கிக்கொண்டு வருடத்தில் சில மாதம் அம்மாவோடு வந்து இருக்கிறான். அவன் அம்மாவைச் சிரிக்கவைப்பான். அது எனக்கு வராது. மருந்தை நேரத்துக்குக் கொடுப்பது என் வேலை, அம்மாவுக்கு மருந்து குடிக்க மனசு வரவைப்பது அவன் வேலை. இத்தனை வருடமும் வீட்டில் அது குறைந்திருந்தது.

கடைசியாக அந்த வெட்டுக்காரரைப் பற்றி. மனசில் வெறுப்பு இல்லை என்று சொன்னால் பொய். அவரை ரோட்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன், வெகு காலம். ஆனால் வெள்ளத்தில் அம்மாவைத் தூக்கிக்கொண்டு நடந்த ஆளும் அவர்தானே? அது நடிப்பு இல்லை. அன்றைக்கு அவருக்கு அதில் ஒரு லாபமும் இல்லை. கடன் நெருக்கியபோது மரத்தைக் கொன்றார், உயிர் ஆபத்து என்றபோது தண்ணீரில் இறங்கினார், இரண்டுமே உண்மை. பைபிளில், பவுலோடு பயணம் போய் நடுவழியில் விட்டுத் திரும்பிய மாற்குவை பர்னபா விட்டுவிடவில்லை. அதே பவுல் கடைசிக் காலத்தில் "அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்" என்று எழுதிக் கூட்டிவரச் சொன்னார். பர்னபாவும் மாற்குவின் தவறை மறைத்திருக்க மாட்டார், அவனுக்கு ஏற்ற வேறொரு வழியில் கூட்டிக்கொண்டு போனார் என்றுதான் நான் வாசிக்கிறேன்.

அந்த ஆளின் கையில் இனி கத்தியைக் கொடுக்க மாட்டேன், தெரிந்தவர் யாராவது கேட்டாலும் நடந்ததைச் சொல்லிவிடுவேன். இப்போது அவர் ஆட்டோ ஓட்டுகிறார். போன வருடம் நானே போய்ப் பேசினேன். அம்மாவைப் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போக வாரத்தில் இரண்டு நாள் அவர்தான் வருகிறார், ராத்திரி அவசரம் என்றாலும் அவரைத்தான் கூப்பிடுகிறேன். அம்மாவை ஆட்டோவில் ஏற்றி இறக்குவதில் அவரைப் போல் பதமாகச் செய்கிறவர் இந்தப் பக்கத்தில் வேறு யாரும் இல்லை, அதை அவரிடம் சொல்லியும் இருக்கிறேன். சவாரிக்கூலியை அந்த நாற்பதாயிரத்தில் கழித்துக்கொள்வோம் என்று பேசி வைத்திருக்கிறோம். பாதிக்கு மேல் கழிந்துவிட்டது. ஒவ்வொரு சவாரியையும் நோட்டில் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன்.